மணி அடித்து எண்ணும் பெட்டி: பழைய பின்பால் மெஷின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு பின்பால் மெஷின் நிற்கிறது. சிகாகோவில் வில்லியம்ஸ் கம்பெனி 1976-இல் செய்தது, பெயர் ஸ்பேஸ் மிஷன். சாப்பிட வருகிற நண்பர்கள் அதைப் பார்த்ததும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். அதற்கப்புறம் சாப்பாடு ஆறிப்போகும், கேள்விகள் ஆரம்பமாகும். ஒரே கேள்விகளைப் பலரும் கேட்டுவிட்டதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பின்பால் என்றால் கம்ப்யூட்டரில் வந்த அந்த விளையாட்டுதானே?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆமாம், அந்த ஸ்பேஸ் கேடட் விளையாட்டு பின்பாலின் படம். நான் சொல்வது படத்தில் இருந்த பொருளை. நாலு கால், சாய்வான ஒரு பலகை, மேலே கண்ணாடி மூடி, உள்ளே சுமார் 80 கிராம் எடையுள்ள ஒரு எஃகு உருண்டை. ஸ்பிரிங் வைத்த கம்பியை இழுத்து விட்டால் உருண்டை பலகையின் உச்சிக்குப் போய், இடித்துக்கொண்டும் தெறித்துக்கொண்டும் கீழே வரும். கீழே இருக்கிற இரண்டு துடுப்புகளால் அதை மறுபடி மேலே அடிக்க வேண்டும். அந்தத் துடுப்புக்குப் பெயர் ஃபிளிப்பர். உருண்டை ஃபிளிப்பர்களுக்கு நடுவே விழுந்துவிட்டால் போச்சு. விதி இவ்வளவுதான்.

எலக்ட்ரோமெக்கானிக்கல் என்று ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

உள்ளே சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது, திரை கிடையாது. காயில், ரிலே, சுவிட்ச், பல்பு, ஒரு சின்ன மோட்டார், அவற்றை இணைக்கும் ஏராளமான வயர். சுருக்கமாக இ.எம். என்பார்கள். 1930களில் தொடங்கி 1970களின் கடைசி வரை பின்பால் என்றாலே இதுதான். அதற்குப் பிறகு வந்தவற்றில் மைக்ரோபிராசசர் உட்கார்ந்துகொண்டது. அவை வேறு சாதி. நல்ல மெஷின்கள்தான், ஆனால் என் வீட்டில் இடமில்லை.

பழைய ரயில் நிலைய எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் மினுங்கி, சக்கரம் சுற்றி, 'கடக்' என்று ஒரு அட்டை விழும், பின்னால் ஜோசியம் அச்சடித்திருக்கும். அந்த 'கடக்' பிடிக்குமென்றால் உங்களுக்கு இ.எம். பின்பாலும் பிடிக்கும்.

இது யார் கண்டுபிடித்தது?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பகடெல் என்ற மேசை விளையாட்டு இருந்தது. கோலால் தள்ளி உருண்டைகளைக் குழிகளில் விழ வைப்பது. ஆணி அடித்த பலகையும் சின்ன உருண்டைகளுமாக நம் ஊர்க் கடைகளில் விற்ற பகடெல் போர்டு அதன் பேரப்பிள்ளை. 1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் குடியேறியிருந்த மான்டேகு ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர், கோலை எடுத்துவிட்டு ஸ்பிரிங் கம்பியை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் உருண்டையை அப்படித்தான் ஏவுகிறோம்.

அதை வியாபாரமாக்கியவர் சிகாகோவின் டேவிட் காட்லீப். 1931-இல் அவர் விட்ட பேஃபிள் பால் மெஷின் 17.50 டாலர், கடை கவுன்டர் மேல் வைக்கிற அளவு. 50 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். வேலையில்லாதவன் கையில் இருந்த ஒரு சென்ட் காசுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு கிடைத்திருக்கும்? அடுத்த வருடமே ரேமண்ட் மலோனி பேலிஹூ என்ற மெஷினோடு வந்தார். அந்தப் பெயரிலிருந்துதான் பேலி கம்பெனி பிறந்தது.

இவையெல்லாம் மின்சாரமே இல்லாதவை. 1933-இல் ஹாரி வில்லியம்ஸ் செய்த கான்டாக்ட் என்ற மெஷினில், குழியில் விழுந்த உருண்டையை ஒரு மின்காயில் வெளியே உதைத்தது. மின்சாரம் கொடுத்தது பேட்டரி. கூடவே ஒரு மணியும் அடித்தது. உருண்டை விழுந்ததும் மெஷின் பதில் பேசியது அப்போதிலிருந்துதான்.

ஃபிளிப்பர் ஆரம்பத்திலேயே இல்லையா?

இல்லை. கேட்கிறவர்கள் நம்ப மாட்டேன் என்பார்கள். முதல் 16 வருடம் ஆட்டக்காரரின் வேலை, கம்பியை அளவாக இழுப்பதும் மெஷினை லேசாகத் தட்டுவதும் மட்டுமே. 1947-இல் காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி வந்தது. வடிவமைத்தவர் ஹாரி மேப்ஸ். அதில் ஒன்றல்ல, ஆறு ஃபிளிப்பர்கள், பக்கத்துக்கு மூன்றாக. விசை குறைவு, கீழிருந்து உச்சிக்கு உருண்டையைக் கொண்டுபோக, கை மாற்றிக் கை மாற்றிச் செங்கல் ஏற்றுவது போல ஒவ்வொன்றாக அடித்து ஏற்ற வேண்டும்.

அடுத்த வருடம் ஜென்கோ கம்பெனியில் ஸ்டீவ் கோர்டெக் என்பவர் டிரிபிள் ஆக்‌ஷன் என்ற மெஷினில் நாலு ஃபிளிப்பரைக் குறைத்து, இரண்டை மட்டும் அடியில், நல்ல விசையோடு வைத்தார். இன்றுவரை எல்லா மெஷினுக்கும் அடிப்படை அந்த இரண்டுதான். எங்கள் வீட்டு ஸ்பேஸ் மிஷனை வடிவமைத்தவரும் இதே கோர்டெக். நடுவில் 28 வருடம். 2012-இல் நூறு வயதில் காலமானார்.

சரி, கம்ப்யூட்டர் இல்லாமல் புள்ளியை எப்படி எண்ணுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன், நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

உருண்டை போய் 50 புள்ளி என்று எழுதியிருக்கும் ஒரு இலக்கில் இடிக்கிறது என்று வையுங்கள். இலக்குக்குப் பின்னால் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நுனியில் வெள்ளிப் பொட்டு. இடித்த வேகத்தில் பொட்டும் பொட்டும் ஒரு கணம் தொட்டு விலகும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் 50 எண்ண அந்த நேரம் போதாது. ஆகவே யாராவது 'அடி விழுந்தது' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது ரிலே. காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு இரும்புத் தகடு இழுபட்டு, தன் கைவசமுள்ள சுவிட்சுகளை மூடும். அவற்றில் ஒரு சுவிட்ச் தனக்கே மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச். அதாவது கதவைத் திறந்து உள்ளே வந்தவன், தாழ்ப்பாளையும் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இலக்கின் சுவிட்ச் பிரிந்த பிறகும் ரிலே பிடித்தபடியே இருக்கும்.

அதே ரிலே அடிப்பெட்டியில் இருக்கும் ஸ்கோர் மோட்டாரை ஓட்டுகிறது. மோட்டாரின் அச்சில் பல் வைத்த தட்டுகள். தட்டு சுற்றச் சுற்ற, பல் ஒவ்வொன்றும் ஒரு சுவிட்சை இடறும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து இடறலுக்கு ஐந்து மின்துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும், பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியில் உள்ள பத்துகளின் எண் உருளை ஒரு எண் நகரும், கீழே ஒரு சோலனாய்டு, அதாவது காயிலுக்குள் இருக்கும் கம்பி, துள்ளிப் போய் உலோகப் பட்டையைத் தட்டும். 'டிங் டிங் டிங் டிங் டிங்.' ஐந்தும் முடிந்ததும் மோட்டாரின் இன்னொரு தட்டு ரிலேயின் தாழ்ப்பாளை விலக்குகிறது. ரிலே விடுபடுகிறது, மோட்டார் நிற்கிறது, எல்லாம் பழைய நிலைக்கு வருகிறது.

உருளை 9-இலிருந்து 0-க்குத் திரும்பும்போது என்ன ஆகும்? 9-ஆம் இடத்தில் ஒரு சுவிட்ச் மூடியிருக்கும். அதன் வழியாக அடுத்த துடிப்பு பக்கத்து உருளைக்கும் சேர்ந்து போகும். அது ஒரு எண் ஏறும், அதன் மணியும் அடிக்கும். இரண்டாம் வகுப்பில் 'கையில் ஒன்று' என்று கூட்டினோமே, அதேதான்.

ஆட்டம் முடிந்து மெஷினை அணைத்துவிட்டுப் போனால் புள்ளி அப்படியே நிற்கும். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தாலும் நிற்கும். எண்ணை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை, உருளையே எண். புது ஆட்டத்துக்குப் பொத்தானை அழுத்தினால், 0-வில் இல்லாத ஒவ்வொரு உருளையையும் மோட்டார் படி படியாகத் தள்ளி 0-க்குக் கொண்டுவரும். 'ட்ரக் ட்ரக் ட்ரக்' என்று ஒரு சத்தம். பூஜை மணி மாதிரி, அது கேட்டால் வீட்டில் எங்கே இருந்தாலும் யாரோ ஆட ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரியும்.

இவ்வளவு எளிய விளையாட்டில் ரசிக்க என்ன இருக்கிறது?

மெஷின் உங்களுக்கு எதையும் மறைக்காது. அதுதான் எனக்குக் கிடைத்த பதில். இலக்கில் பட்டால் மணி அடிக்கும். மணி அடித்தால் எண் ஏறும். பலகையில் எந்த விளக்கு எரிகிறதோ அங்கே அடித்தால் அதிகம் கிடைக்கும், அதையும் விளக்குக்குப் பக்கத்திலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள். விதிமுறையெல்லாம் உருண்டை ஏவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கையளவு அட்டை ஒன்றில் அடங்கிவிடும். என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது அட்டையைப் படிக்கவே இல்லை; இரண்டாவது உருண்டையிலேயே நடு இலக்கைக் குறிவைக்கத் தொடங்கிவிட்டார்.

ஸ்பேஸ் மிஷனில் அந்த நடு இலக்கு ஒரு ஊசல். 1975-இல் அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் இணைந்தனவே, அதை ஒட்டிய மெஷின் இது. பலகையின் நடுவில் இலக்கு ஒன்று இடமும் வலமும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஃபிளிப்பரில் உருண்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஊசல் எங்கே இருக்கிறது, நான் அடித்து உருண்டை போய்ச் சேரும்போது எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். மொத்த மெஷினிலும் தந்திரம் என்று இருப்பது இது ஒன்றே. ஒரு மோட்டார், ஒரு கை, ஒரு தகடு. பத்து வருடமாக ஆடுகிறேன், இன்னும் பாதிக்குப் பாதி தவறவிடுகிறேன்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். பழைய மெஷின்களின் பலகைச் சாய்வு மூன்றரை டிகிரி போல இருக்கும், புதியவற்றில் ஆறரை. அதனால் உருண்டை மிதந்து மிதந்து வரும். புது மெஷின் ஆடிப் பழகியவர்கள் இதைத் தூக்கம் வருகிறது என்பார்கள். எனக்கு அந்த மிதப்பில்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உருண்டை நடுவே விழப்போகிறது என்று தெரிந்துவிடும், இன்னும் ஒரு வினாடி இருக்கும், செய்ய ஒன்றும் இருக்காது.

புள்ளிகள் ஏன் இவ்வளவு குறைவு?

1990களின் மெஷின்களில் கோடிகளில் புள்ளி கொடுத்தார்கள், நூறு கோடியைத் தாண்டியவையும் உண்டு. 1960களின் காட்லீப் மெஷின்கள் பலவற்றில் உருளை நாலுதான், ஒரு புள்ளி என்பது உண்மையிலேயே ஒரு புள்ளி. இலவச ஆட்டத்துக்கு வேண்டியதில் ஆறு புள்ளி குறைந்துபோனவர் அன்று இரவு அந்த ஆறைப் பற்றியே யோசித்துக்கொண்டு போவார். 1970களில் மெல்லப் புள்ளிகளின் விலைவாசி ஏறிவிட்டது. பல மெஷின்களில் கடைசி 0 நகரவே நகராது, சும்மா ஒட்டி வைத்த 0. என் ஓட்டு நாலு உருளைக்கே.

மெஷினை ஆட்டினால் தப்பாட்டமா?

இல்லை, ஆட்டத் தெரிய வேண்டும். உருண்டை ஓரத்துப் பள்ளத்தை நோக்கிப் போகும்போது உள்ளங்கையால் பெட்டியை ஒரு தட்டு தட்டினால் தப்பிக்கும். அதிகமானால் 'டில்ட்' விளக்கு எரியும், அந்த உருண்டை உங்களுக்கு இல்லை. இதுவும் ஹாரி வில்லியம்ஸ் கைவேலை. பெட்டிக்குள் ஒரு உலோக வளையம், அதன் நடுவே தொங்கும் ஒரு சின்னக் குண்டு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி. குண்டு வளையத்தைத் தொட்டால் சுற்று மூடும். அவ்வளவுதான். சில கடைக்காரர்கள் குண்டைக் கறாராக ஏற்றி வைத்திருப்பார்கள், மூச்சு விட்டாலே டில்ட்.

நடுவே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வருகிறதே?

இலவச ஆட்டம் விழுந்த சத்தம். ஒரு சோலனாய்டு மரப்பெட்டியைப் பலமாக ஒரு குத்து குத்தும். கடையில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வைத்தது. நிர்ணயித்த புள்ளியைத் தாண்டினால் வரும். ஆட்டத்தின் முடிவில், பின்பெட்டியின் முகப்பான பின்கண்ணாடியில் ஒரு எண் ஒளிரும். உங்கள் புள்ளியின் கடைசி இலக்கத்தோடு அது பொருந்தினாலும் வரும். பத்தில் ஒரு வாய்ப்பு. படுமோசமாகத் தோற்றவனையும் நாலு வினாடி நிற்க வைக்கும் தந்திரம்.

இது சூதாட்டம் என்று தடை செய்தார்களாமே?

செய்தார்கள். நியூயார்க்கில் 1942 ஜனவரியில் மேயர் ஃபியோரெல்லோ லகார்டியா தடை போட்டார். போலீசார் மெஷின்களை அள்ளிக்கொண்டு வர, மேயரே சம்மட்டியால் உடைக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தக் காலத்து மெஷினுக்கு ஃபிளிப்பர் இல்லை என்பதை மறக்காதீர்கள். உருண்டை எங்கே விழும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம், சில மெஷின்கள் காசே கொடுத்தன. மேயர் கோபத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஃபிளிப்பர் வந்து 29 வருடம் ஆன பிறகும் தடை நீங்கவில்லை. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளரை நகர மன்றத்துக்கு அழைத்து வந்தார்கள், மெஷினோடு. ஏதாவது தில்லுமுல்லு செய்து வைத்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்ட ஒரு உறுப்பினர், தயாராக இருந்த மெஷினை விட்டு மாற்று மெஷினில் ஆடச் சொன்னார். ஷார்ப் ஆடிக் காட்டினார். கடைசியில் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உருண்டை பலகையின் உச்சியில் உள்ள வழிகளில் நடு வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கம்பியை விட்டார். நடு வழியிலேயே போனது. தடையும் போனது. ஃபிளிப்பரால் ஜெயித்ததாகச் சொல்வார்கள். ஆனால் மன்றத்தை மடக்கியது 1871-இன் ஸ்பிரிங் கம்பி.

இன்னொரு வேடிக்கை. சில ஊர்களில் இலவச ஆட்டமே ஒரு பரிசு, ஆகவே சூது என்று சட்டம். அதற்காக காட்லீப் கம்பெனி 1960-இல் இலவச ஆட்டத்துக்குப் பதில் அதே ஆட்டத்தில் கூடுதல் உருண்டை தரும் மெஷினைக் கொண்டு வந்தது. ஒரே மெஷின் இரண்டு பெயரில், இரண்டு சட்டத்துக்கு ஏற்ப விற்கப்படுவதும் நடந்தது.

பின்னால் நிற்கும் கண்ணாடி ஓவியம் யார் வரைந்தது?

கண்ணாடியின் பின்பக்கம் ஸ்கிரீன் அச்சில் வண்ணம் வண்ணமாக ஏற்றுவார்கள், பின்னால் பல்பு எரியும். காட்லீப் மெஷின்களுக்குப் பல வருடம் ராய் பார்க்கர் வரைந்தார். ஓரத்தில் நிற்கும் நாய்க்குட்டி கூட ஏதாவது நகைச்சுவை செய்துகொண்டிருக்கும். 1960களின் கடைசியிலிருந்து வில்லியம்ஸ் மெஷின்களில் கிறிஸ்டியன் மார்ஷின் கோணல்மாணலான, முனை கூர்ந்த முகங்களைப் பார்க்கலாம். சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது ஒரு வாரம் எடுத்தது, அப்புறம் பிடித்துவிட்டது. குட்டைப் பாவாடைப் பெண்கள் தேவைக்கு மேல் நிற்கும் கண்ணாடிகளும் ஏராளம். வாங்குமுன் மனைவியிடம் காட்டிவிடுவது நல்லது.

சில கண்ணாடிகளுக்குப் பின்னால் பொம்மையே இருக்கும். 1966-இன் சென்ட்ரல் பார்க்கில் ஒரு குரங்கு மணி அடிக்கும். 1965-இன் பக்கரூவில் குதிரை திரும்பி உதைக்க, கௌபாய் குட்டிக்கரணம் போடுவான். அந்த ஒரு உதைக்காகவே மறுபடி காசு போடுவேன்.

ஏன் நின்றுபோனது?

விலையும் ரிப்பேரும். 1977 வாக்கில் பேலி முதலிய கம்பெனிகள் மைக்ரோபிராசசருக்கு மாறின. நூற்றுக்கணக்கான சுவிட்சுகளைக் கையால் சாலிடர் செய்து, ஒவ்வொன்றாக இடைவெளி பார்த்து வளைப்பதற்குப் பதில் ஒரு போர்டு. காட்லீப் 1979 வரை இழுத்துப் பார்த்தது. வியாபாரக் கணக்கில் அவர்கள் மாறியது சரிதான்.

ரிப்பேர் தெரியாதவன் வாங்கலாமா?

வாங்கலாம், தெரிந்தவனாக மாறுவதற்குத் தயார் என்றால். எனக்கு மல்டிமீட்டரைக் கூடப் பிடிக்கத் தெரியாது. மெஷின் வந்து மூன்றாம் நாள், ஆட்டம் தொடங்கியதும் யாரும் தொடாமலே 10 புள்ளி மணி அடித்துக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டால் மறுபடி அதே. ஒரு மாலை முழுதும் பெட்டிக்குள் தலையை விட்டு ரிலேக்களை முறைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி மேல் தப்பு இல்லை. இடது ஃபிளிப்பருக்கு மேலே முக்கோணமாக ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறதே, புது ரப்பரை நான்தான் மாட்டியிருந்தேன். அது ஒரு சுற்று சிறியது. இறுக்கத்தில் பின்னாலுள்ள தகடைத் தள்ளிக்கொண்டே நின்றது. சரியான அளவு ரப்பர் மாட்டி, தகடுகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி விட்டு வளைத்ததும் அமைதி.

பத்தில் எட்டு கோளாறு இந்த மாதிரிதான்: சுவிட்சில் அழுக்கு, அல்லது இடைவெளி சரியில்லை. மெஷினோடு வந்த சுற்றுப்படம் ஒரு மேசையளவு காகிதம், முதலில் கோலம் போலத் தெரியும். இரண்டு வாரத்தில் வாசிக்க வரும். நான் காதையும் நம்புகிறேன். ஐந்து மணி அடிக்க வேண்டிய இடத்தில் நாலு அடித்தால் எந்தச் சுவிட்ச் என்று பெட்டியைத் திறக்குமுன்பே பாதி தெரிந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். கையை உள்ளே விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். காயில்களுக்குப் போவது குறைந்த வோல்ட்டேஜ் என்றாலும், டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வருவது வீட்டு மின்சாரம். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான், பெரியதைப் போட்டால் காயில் கருகும்.

எண்ணெய் விடலாமா?

வேண்டாம். ஸ்பிரே எண்ணெயை எடுத்துக்கொண்டு வருகிற மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், அவரை மெஷின் பக்கம் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பசையாகும், சுவிட்சில் பட்டால் தொடர்பு கெடும். காயிலுக்குள் போய்வரும் கம்பி உலர்ந்து இருக்கவே வடிவமைத்தது.

பல்பை எல்.இ.டி.யாக மாற்றிவிடலாமே?

உங்கள் மெஷின், உங்கள் இஷ்டம். நான் மாற்றவில்லை. 6.3 வோல்ட் பல்பில் 44, 47 என்று இரண்டு நம்பர் உண்டு. 47 கொஞ்சம் மங்கல், சூடு குறைவு. பின்கண்ணாடியில் அதைப் போடுங்கள், பெயின்ட் உரியாமல் இருக்கும். உரிந்த கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இந்தியாவுக்குக் கொண்டு போகலாமா?

எடை 100 கிலோவுக்கு மேல். பின்பெட்டியைக் கழற்றி மடக்கி, காலைக் கழற்றினால் இரண்டு பேர் தூக்கலாம். அமெரிக்க மெஷின் 115 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் ஊர் 230 வோல்ட்டைக் குறைக்க ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதையும் நல்ல திறனுள்ளதாக. ஹெர்ட்ஸ் 50 என்பதால் ஸ்கோர் மோட்டார் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும், மணி தள்ளித் தள்ளி அடிக்கும். சென்னையின் கடற்கரை ஓரத்து வீடு என்றால் யோசியுங்கள். உப்புக்காற்றுக்கு அந்த வெள்ளிப் பொட்டுகள் பதில் சொல்ல வேண்டும்.

வாங்காமல் எங்கே ஆடிப் பார்க்கலாம்?

நியூஜெர்சியில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஆஸ்பரி பார்க் கடற்கரையில் சில்வர்பால் மியூசியம் இருக்கிறது. நுழைவுக்கட்டணம் கட்டிவிட்டால் காசு போடாமல் ஆடலாம். கலிபோர்னியாவில் அலமீடாவின் பசிபிக் பின்பால் மியூசியம். லாஸ் வேகஸ் போகிறவர்கள் பின்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போகலாம், அங்கே இன்னமும் குவார்ட்டர் (25 சென்ட்) காசு வேண்டும். ஐரோப்பா என்றால் புடாபெஸ்டின் ஃபிளிப்பர் மியூசியம்.

எங்கே போனாலும் முதலில் ஃபிளிப்பரை அவசரமாக அடிக்காதீர்கள். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. நடுவில் வழி அகலமாகத் திறந்துவிடும். உருண்டை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தக் கை மட்டும்.

குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

எங்கள் பையனின் சிநேகிதர்கள் வந்தால் கண்ணாடியை எடுத்துவிட்டு, உருண்டையைக் கையால் உருட்டி ஒவ்வொரு இலக்காகத் தொட வைப்பேன். முன்கதவைத் திறந்து, ஸ்கோர் மோட்டார் தெரிகிற மாதிரி டார்ச் அடித்துக் காட்டுவேன். போன மாதம் ஏழு வயதுப் பெண் ஒருத்தி 50 புள்ளி இலக்கை விரலால் அழுத்திவிட்டு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். மோட்டார் அதற்குள் நின்றிருந்தது. திரும்பி வந்தாள், அழுத்தினாள், ஓடினாள். நாலாவது தடவை அவள் தம்பியை அழுத்த வைத்துவிட்டுத் தான் குனிந்துகொண்டாள். "அங்கிள், அஞ்சு பல்லு இருக்கு," என்றாள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் யாருமே ஆடவில்லை.